இரவு விலங்குப் புகைப்படக் கலை

பகற்பொழுதெல்லாம் புதர்களிலும் குகைகளிலும் ஒடுங்கியிருந்து, இருட்டிய பின்னரே இரை தேடியும் நீர் நாடியும் வெளிப்படுகின்ற காட்டு விலங்குகளை, அவை சுயேச்சையாக உலவும் இடத்திலேயே ஃபிளாஷ் ஒளியைக் கொண்டு படம்பிடிக்கும் கலை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. வேட்டைக்காரர் கையாண்ட உபாயங்களே ஒன்றன்பின் ஒன்றாகக் காமிராவின் பணிக்குத் திரும்பின என்பதை மனத்திற்கொண்டு நோக்கினாலன்றி இக்கலையின் சரித்திரம் நன்கு விளங்காது.

இதற்கு வேண்டிய ஒளி முதலில் ஜெர்மனியிலிருந்து வந்தது. மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்ஃபைடையும் கலந்து, கணத்தில் எரிந்து கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தருகின்ற தூளை அடால்ஃப் மீதே, யோஹன்னஸ் கேடிக்கே என்னும் இருவர் 1887இல் ஆக்கினர். புகையும் விபத்தும் மிகுந்த பொருளாயினும், நள்ளிரவில் ஒரு மானின் உருவத்தைக் கண்ணாடித் தகட்டில் பதிக்கும் ஆற்றல் அதற்கிருந்தது.

அவ்வாற்றலைக் காட்டுக்குள் கொண்டு சென்றவர் மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் (1859–1942). பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞராகிய இவர், இளமையில் துப்பாக்கி ஏந்தியவரே. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், மார்க்கெட் நகருக்கருகேயுள்ள வொயிட்ஃபிஷ் ஏரியில், ஓஜிப்வே பழங்குடியினர் தோணியின் முன்புறம் ஒரு சட்டியில் தீ மூட்டி, இருளில் சத்தமின்றித் துடுப்பு வலித்துக் கரையை அணுகுவர். நீரருந்த வந்த மான் அவ்வொளியில் கட்டுண்டு நிற்கும். அதன் விழிகள் கனல்போல் மின்னும். அக்கணமே அம்போ குண்டோ பாயும். இம்முறையை அறிந்திருந்த ஷைராஸ், துப்பாக்கி இருந்த இடத்தில் காமிராவை வைத்து, மின்னும் விழிகளை இலக்காகக் கொண்டு தோணியைச் செலுத்தி, தக்க தூரத்தில் மக்னீசியத் தூளை எரித்தார். ஆடாத நீரில் தன் பிம்பத்தோடு நிற்கும் மானை இவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்போரைக் கவர்வன. ஆளில்லாத வேளையில் விலங்கே இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி கம்பி கட்டிய பொறிகளையும் இவர் அமைத்தார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இப்படங்கள் பரிசு பெற்றன. 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' சஞ்சிகை இவருடைய 74 படங்களை ஒரே இதழில் பிரசுரித்தபோது, கல்விச் சங்கத்தின் ஏடு படப்புத்தகமாகிவிட்டதென்று மனம் நொந்து நிர்வாகக் குழுவினர் இருவர் விலகினர். காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அமெரிக்கக் காங்கிரசில் அங்கத்தினராயிருந்தபோது வலசைப் பறவைகளின் பாதுகாப்புக்காக 1904இல் மசோதா கொணர்ந்தவரும் இவரே.

இதே காலத்தில் ஜெர்மானியராகிய கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ் கிழக்காப்பிரிக்காவில் சிங்கங்களை இரவில் படமெடுத்து, 1905இல் நூலாக வெளியிட்டார். கழுதையையும் எருதையும் உயிரோடு கட்டிவைத்துச் சிங்கத்தை வரவழைத்த அவருடைய முறை, படங்களின் அருமையை ஒப்புக்கொள்வோர்க்கும் வேதனை தருவதாகும்.

இந்தியாவில் இக்கலைக்குச் சிறப்பிடம் தேடித் தந்தவர் ஐக்கிய மாகாண வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். புலி தனக்குரிய ஒற்றையடிப் பாதையை விட்டு எளிதில் விலகுவதில்லை என்பதைக் காலடித் தடங்களால் கண்டறிந்த அவர், அப்பாதையின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, புலியின் கால் பட்டவுடன் தூள் பற்றவும் காமிராவின் கண் திறந்து மூடவும் வகைசெய்தார். பரணில் உட்கார்ந்து சுடுவதையே வீரமென்று எண்ணிய சமூகத்தில், காட்டுப் புலியின் இயல்பான நடையை உலகம் முதலில் கண்டது அவருடைய படங்களாலேதான். 1927இல் அவை நூலாயின. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திருப்பதில்லையாதலால், படத்தைக் கொண்டே இன்ன புலியென அடையாளம் காணலாம் என்று அவர் உணர்ந்தது மிகப் பெரிய பேறு. புலி வேட்டையில் பேர்பெற்ற ஜிம் கார்பெட் காமிராவை நாடியதற்குச் சாம்பியன் தந்த ஊக்கமும் ஒரு காரணம்.

பின்னர்த் தூளுக்குப் பதில் ஃபிளாஷ் பல்பும், அமெரிக்கப் பொறியியலாளர் ஹெரால்டு எட்ஜர்டனின் உழைப்பால் மின்னணு ஃபிளாஷும் வந்து, புகையையும் அபாயத்தையும் போக்கின.

சாம்பியனின் எண்ணம் விஞ்ஞானமாக விருத்தியடைந்தது 1990களில், கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் ஆகும். அங்கே விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த், தானியங்கிக் காமிராக்களில் பதிந்த வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் இனங்கண்டு, புள்ளியியல் முறையில் அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறாகையால், பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு காமிராக்களை வைப்பது மரபாயிற்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விலங்கைத் திடுக்கிடச் செய்யாதெனினும், நடந்து செல்லும் புலியின் வரிகளை அது பலவேளைகளில் மங்கலாக்கிவிடுவதால், கணக்கெடுப்புப் பணியில் வெண்ணிற ஃபிளாஷ் இன்னும் கைவிடப்படவில்லை.