செயற்கைக்கோள் தொகுப்புகள் வழியே இணையம்: வடத்துக்கு மாற்றா, துணையா? ஒரு விளக்கம்

புதுதில்லி: புவிக்கு அருகில் சுற்றிவரும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களைக் கொண்டு இணைய சேவை வழங்கும் திட்டங்கள், கண்ணாடியிழை வடம் சென்றடையாத பகுதிகளுக்கும் தடையற்ற தொடர்பு தேவைப்படும் வணிக நிறுவனங்களுக்கும் புதிய வழியைத் திறந்துள்ளன. எனினும், இவை வடங்களுக்கு மாற்றாக அல்லாமல் துணையாகவே அமையும். இவற்றின் பயன், வரம்பு, இந்திய விதிமுறைகள் குறித்த விவரம் வருமாறு:

உயரமும் தாமதமும்

வழக்கமான தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலை வட்டப்பாதையில் இயங்குகின்றன. அங்கிருந்து பார்த்தால் புவிப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தென்படும். ஆனால், தரவு ஒருமுறை சென்று மறுமொழி திரும்புவதற்கு ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்திலும், ஒன்வெப் செயற்கைக்கோள்கள் சுமார் 1,200 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன. இதனால் தாமதம் சில பத்து மில்லி விநாடிகளாகக் குறைகிறது. அதே வேளையில், தாழ்வான பாதையில் உள்ள செயற்கைக்கோள் சில நிமிடங்களிலேயே வானில் கடந்து மறைந்துவிடும். தொடர்பு அறுபடாமல் இருக்க, ஒன்று மறையும்போது மற்றொன்று அதன் பணியை ஏற்க வேண்டும். எனவேதான் பெருந்தொகுப்பு தேவைப்படுகிறது.

வணிகத்தில் பயன்

இந்திய வணிகத்துக்குச் செயற்கைக்கோள் தொடர்பு புதிதன்று. தேசிய பங்குச் சந்தை 1994-ஆம் ஆண்டு 'விசாட்' எனப்படும் சிறு தரைமுனையங்கள் வழியாகவே நாட்டின் பல நகரங்களை வர்த்தகத்தில் இணைத்தது. ஊரக வங்கிக் கிளைகளும் ஏடிஎம் மையங்களும் இந்த முறையைப் பயன்படுத்தி வருகின்றன.

ஏடிஎம் பரிவர்த்தனை போன்ற சிறு செய்திகளுக்கு அரை விநாடி தாமதம் பொருட்டல்ல. காணொலிக் கூட்டங்களுக்கும், அடிக்கடி தரவு பரிமாறும் மேகக்கணினி மென்பொருள்களுக்கும் அது தடையாகும். புதிய தொகுப்புகள் இத்தடையைக் குறைப்பதால், சுரங்கம், கப்பல், விமானம், மலைப்பகுதிக் கிளைகள் ஆகியவை தலைமையகத்துடன் நேரடியாக இயங்க முடியும்.

வடம் துண்டிக்கப்படும்போது மாற்றுவழியாகவும் இவை பயன்படும். 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் டோங்கா நாட்டின் பன்னாட்டுக் கடலடி வடம் அறுந்தது. அது சீராகும்வரை சுமார் ஐந்து வாரங்கள் அந்நாடு செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தது.

வரம்புகள்

ஒரு செயற்கைக்கோளின் திறனை அதன் கீழுள்ள பயனாளர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஆகவே, மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களில் இது வடத்துக்கு ஈடாகாது. மேலும், ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதும் இடர் தரக்கூடியது. 2025 ஜூலை 24 அன்று உள் மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் சேவை உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது.

முதலீடும் பெரிது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் ஆயுட்காலம் சுமார் ஐந்து ஆண்டுகளே என்பதால், அவற்றைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். இத்துறையின் முன்னோடியான இரிடியம் 1999-ஆம் ஆண்டிலும், ஒன்வெப் 2020-ஆம் ஆண்டிலும் திவால் நடைமுறைக்கு உள்ளாகி மீண்டவை. பாரதி குழுமமும் பிரிட்டன் அரசும் இணைந்து ஒன்வெப்பை வாங்கின. பின்னர், 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் அதன் 72 செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டுகள் விண்ணில் செலுத்தின.

இந்திய விதிமுறைகள்

ஒன்வெப், ஜியோ நிறுவனங்களைத் தொடர்ந்து, 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. எனினும், உரிமத்துடன் அலைக்கற்றை ஒதுக்கீடும் பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவேற்றுவதும் கட்டாயமாகும். தொலைத்தொடர்புச் சட்டம் 2023, இச்சேவைக்கான அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்க வகை செய்கிறது.

அலைக்கற்றைக்கு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 4 சதவீதக் கட்டணம் விதிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.500 கூடுதலாக வசூலிக்கவும், ஊரகப் பயனாளர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கவும் அது யோசனை கூறியது. இணைய வசதி எட்டாத ஊரக, தொலைதூரப் பகுதிகளில் பயனாளர் கருவிக்கு அரசு மானியம் அளிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் என்றும் ஆணையம் தெரிவித்தது.