ரீடிங் ரெயின்போ

ரீடிங் ரெயின்போ என்பது ஐக்கிய அமெரிக்காவின் பொது ஒளிபரப்புச் சேவையான பி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1983 ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பான சிறுவர் கல்வி நிகழ்ச்சி ஆகும். இப்பெயருக்கு 'வாசிப்பு வானவில்' என்று பொருள் கொள்ளலாம். சிறுவர்களுக்கு நூல்கள் மீது விருப்பத்தை ஏற்படுத்துவது இதன் நோக்கம். நடிகர் லெவார் பர்ட்டன் இதனைத் தொகுத்து வழங்கினார். புதிய பகுதிகளின் தயாரிப்பு 2006 இல் நின்றது. பழைய பகுதிகளின் மறு ஒளிபரப்பு 2009 ஆகத்து 28 அன்று முடிவுற்றது. அதன் பின்னர் இந்நிகழ்ச்சியைப் புதிய தலைமுறையிடம் கொண்டு செல்லப் பல முறை முயற்சிகள் நடந்துள்ளன.

தோற்றம்

பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைகள் நீண்ட கோடை விடுமுறையில் அத்திறனில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றனர் என்பது அமெரிக்க ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கூறிவந்த குறை. விடுமுறையில் குழந்தைகள் தொலைக்காட்சியின் முன்தான் அமர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்தத் தொலைக்காட்சியைக் கொண்டே அவர்களை நூலகத்துக்கு அனுப்ப முடியாதா என்ற எண்ணத்தில் பிறந்ததே இந்நிகழ்ச்சி. கல்வியாளரான டுவைலா லிகெட், தயாரிப்பாளர்களான சிசிலி டுரூயெட், லாரி லான்சிட் முதலியோர் இதனை உருவாக்கினர். நெப்ராஸ்கா மாநிலக் கல்வித் தொலைக்காட்சியும், நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலுள்ள டபிள்யூ.என்.இ.டி. நிலையமும் தயாரிப்பில் பங்கேற்றன. முதற் பகுதி 1983 சூலை 11 அன்று, கோடை விடுமுறையின் நடுவே, ஒளிபரப்பானது.

லெவார் பர்ட்டன் அப்போது 'ரூட்ஸ்' (1977) தொடரில் குண்டா கிண்டே என்ற அடிமை இளைஞனாக நடித்துப் புகழ் பெற்றிருந்தார். 1987 இல் 'ஸ்டார் டிரெக்' தொடரின் புதிய தலைமுறைப் பதிப்பில் பொறியாளர் ஜோர்டி லாபோர்ஜ் ஆக நடிக்கத் தொடங்கிய பின்னரும் இந்நிகழ்ச்சியை அவர் விடவில்லை. ஒரு பகுதியில் அத்தொடரின் படப்பிடிப்புத் தளத்துக்கே குழந்தைகளை அழைத்துச் சென்று, விண்கலக் காட்சிகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன என்று காட்டினார்.

அமைப்பு

ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும். ஒரு படப்புத்தகம் அதன் மையமாக இருக்கும். புகழ் பெற்ற ஒருவர் அதனை வாசிக்க, படக்கருவி நூலின் ஓவியங்கள் மீது மெல்ல நகர்ந்து செல்லும். ஓவியங்கள் அசைவூட்டப்படமாக மாற்றப்படுவதில்லை. குழந்தை தன் கையில் அந்நூலை எடுக்கும்போது திரையில் கண்ட அதே படத்தைத் தாளிலும் காணும். எளிய முறைதான், ஆயினும் நிகழ்ச்சியின் உயிர் இதில்தான் இருந்தது எனலாம். கென்யாவின் வறட்சியும் மழையும் பற்றிய 'பிரிங்கிங் த ரெயின் டு காபிட்டி பிளெயின்' என்ற நூலை நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வாசித்தார்.

வாசிப்பைத் தொடர்ந்து பர்ட்டன் நூலின் கருவோடு தொடர்புடைய ஓர் இடத்துக்குச் செல்வார். எரிமலை பற்றிய நூல் என்றால் அவாய் தீவின் எரிமலை. பிற்காலப் பகுதிகள் கடினமான பொருள்களையும் தொட்டன. சிறையிலுள்ள தந்தையைக் காணச் செல்லும் சிறுமி பற்றிய நூலுக்காக, சிறையிலுள்ள பெற்றோரைக் குழந்தைகள் சந்திக்கும் காட்சிகள் காட்டப்பட்டன.

இறுதியில் சிறுவர்களே தாம் வாசித்த நூல்களைப் பற்றிப் பேசுவர். தம் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்று பொருள்படும் ஒரு தொடரைக் கூறி, பர்ட்டன் அச்சிறுவர்களை அறிமுகப்படுத்துவார். அமெரிக்கர் பலருக்கு மனப்பாடமான இத்தொடர் பின்னாளில் நீதிமன்றம் வரை சென்றது.

நிகழ்ச்சி 155 பகுதிகளைக் கண்டது. பீபாடி விருதும் 20க்கு மேற்பட்ட எம்மி விருதுகளும் இதற்குக் கிடைத்தன.

நிறுத்தம்

இந்நிகழ்ச்சி நின்றதற்குப் பார்வையாளர் குறைந்ததை மட்டும் காரணமாகக் கூற முடியாது. நூலை அப்படியே திரையில் காட்டுவதற்கு உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் குறிப்பிட்ட காலத்துக்கே பெறப்படுவது வழக்கம். காலம் முடிந்ததும் மீண்டும் பணம் செலுத்த வேண்டும். 2009 இல் ஒளிபரப்பு உரிமைகளைப் புதுப்பிக்கப் பல இலட்சம் டாலர்கள் தேவைப்பட்டன என்றும், நிலையமோ, பி.பி.எஸ். சேவையோ, பொது ஒளிபரப்புக் கழகமோ அதனை ஏற்க முன்வரவில்லை என்றும் அப்போது செய்திகள் வெளிவந்தன.

இதன் பின்னணியில் ஒரு கல்விக் கொள்கை மாற்றமும் இருந்தது. 2000களில் அரசு நிதி, எழுத்துகளையும் ஒலிகளையும் இணைத்து வாசிக்கப் பயிற்றும் நிகழ்ச்சிகளுக்குச் சென்றது. ரீடிங் ரெயின்போ எவ்வாறு வாசிப்பது என்று கற்பிக்கவில்லை. ஏன் வாசிக்க வேண்டும் என்பதையே காட்டியது. எழுத்தறியும் பயிற்சியின் பயனைத் தேர்வு வைத்து அளக்கலாம். விருப்பத்தை அவ்வாறு அளப்பது கடினம். அளக்க இயலாததற்கு நிதி கேட்பது எந்த நாட்டிலும் எளிதன்று.

மறுவருகை முயற்சிகள்

ஒளிபரப்பு நின்றபின் பர்ட்டனும் அவருடைய பங்காளர் மார்க் வுல்ஃபும் ஆர்.ஆர்.கிட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, டபிள்யூ.என்.இ.டி. நிலையத்திடம் பெயருக்கான உரிமம் பெற்றனர். 2012 சூன் மாதம் ஐபேட் கணினிக்கான செயலி வெளியானது. குழந்தை மிதக்கும் தீவுகளுக்கிடையே பயணித்து நூல்களைத் தேர்ந்தெடுக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. பர்ட்டனின் புதிய காணொளிப் பயணங்களும் அதில் இருந்தன. நூல்களை வரம்பின்றி வாசிக்கச் சந்தா செலுத்த வேண்டும். பொதுத் தொலைக்காட்சியில் எவரும் கட்டணமின்றிக் கண்ட ஒன்று, விலை உயர்ந்த ஒரு கருவியை வைத்திருப்போருக்கு உரியதாக இவ்விடத்தில் சுருங்கியது.

இக்குறையைப் போக்கவே 2014 மே 28 அன்று கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தொடங்கியது. இம்முறையில் குறித்த இலக்கை எட்டினால் மட்டுமே பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் எவரிடமும் பெறப்படமாட்டாது. இலக்கு 10 இலட்சம் டாலர். உலாவியில் இயங்கும் பதிப்பொன்றை உருவாக்குவதும், வசதி குறைந்த வகுப்பறைகளுக்கு அதனை இலவசமாக வழங்குவதும் திட்டம். இலக்கு 12 மணி நேரத்துக்குள் எட்டப்பட்டது. சூலை தொடக்கத்தில் முயற்சி முடிவுற்றபோது 1,05,857 பேர் 54 இலட்சம் டாலருக்கும் மேல் அளித்திருந்தனர். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அதுவரை எத்திட்டத்துக்கும் இத்தனை பேர் பணம் அளித்ததில்லை. நடிகரும் தயாரிப்பாளருமான சேத் மெக்பார்லேன் மேலும் 10 இலட்சம் டாலர் வழங்கினார்.

விமர்சனங்களும் எழுந்தன. ஆர்.ஆர்.கிட்ஸ் இலாப நோக்குடைய நிறுவனம். அதற்கு மக்கள் நன்கொடை போலப் பணம் தருவது முறையா என்று சிலர் வினவினர். பணம் தந்தோர் பலர் தம் குழந்தைப்பருவ நினைவுக்காகத் தந்தவர்கள் என்பதால், இவ்வினா அப்போது பெரிதாக எடுபடவில்லை. 2015 இல் 'ஸ்கைபிரரி' என்ற பெயரில் இணையப் பதிப்பு வெளியானது.

பெயர் குறித்த வழக்கு

ரீடிங் ரெயின்போ என்ற பெயர் நிலையத்துக்கு உரியது. அப்பெயரைக் கேட்டவுடன் மக்கள் நினைவுக்கு வரும் முகமோ பர்ட்டனுடையது. இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்ததே சிக்கலின் வேர். உரிம ஒப்பந்தம் பற்றிய பிணக்கு முற்றி, 2017 ஆகத்து மாதம் டபிள்யூ.என்.இ.டி. நிலையம் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பர்ட்டன் பெரியவர்களுக்காகத் தொடங்கிய ஒலிபரப்பில் தமது பழைய தொடரைப் பயன்படுத்தியதும் அதில் குற்றச்சாட்டாக இடம் பெற்றது. அதே ஆண்டில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. ஆர்.ஆர்.கிட்ஸ் தன் பெயரை லெவார் பர்ட்டன் கிட்ஸ் என மாற்றிக்கொண்டது. ஸ்கைபிரரி தொடர்ந்தது, ஆனால் ரீடிங் ரெயின்போ என்ற பெயர் இல்லாமல். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்தப் பெயரை நம்பிப் பணம் தந்தார்களோ, அப்பெயர் மூன்று ஆண்டுகளில் அவர்கள் உருவாக்க உதவிய தளத்திலிருந்து நீங்கியது. பின்னர் ஸ்கைபிரரி, இலாப நோக்கற்ற 'ரீடிங் இஸ் பண்டமெண்டல்' அமைப்பிடம் சென்றது.

பிந்தைய பதிப்புகள்

நிலையத்தின் சார்பில் 2022 இல் 'ரீடிங் ரெயின்போ லைவ்' என்ற இணைய நேரடி நிகழ்ச்சி நடத்தப்பட்டது. ஒருவருக்குப் பதிலாகப் பல இளைஞர்கள் அதனை வழங்கினர். அதே ஆண்டில் பழைய நிகழ்ச்சியின் வரலாற்றைக் கூறும் 'பட்டர்பிளை இன் த ஸ்கை' என்ற ஆவணப்படம் டிரைபெக்கா திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

2025 அக்டோபர் மாதம் புதிய பகுதிகள் யூடியூப் தளத்தில் 'கிட்சுகோ' என்ற சிறுவர் அலைவரிசையில் வெளிவந்தன. மொத்தம் நான்கு பகுதிகள். நூலகப் பணி பற்றிய தம் சிறு காணொளிகளால் அறியப்பட்ட கலிபோர்னிய நூலகர் மைக்கல் திரீட்ஸ் இவற்றைத் தொகுத்து வழங்கினார். நூல் வாசிப்பு, விருந்தினர், குழந்தைகளின் கருத்து ஆகிய பழைய கூறுகள் பேணப்பட்டன. இம்முறை காண்பதற்குச் சந்தா தேவைப்படவில்லை.