நெல்லியடியில் யோகா கற்பிக்க இடம் தேடும் புதியவர்களுக்கு

யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு நெல்லியடிக்குத் திரும்பியபோது, இடம் பிடிப்பது இலகு என்றுதான் நினைத்தேன். கோயில் மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் நிறைந்த ஊர். கேட்டேன், தந்தார்கள். ஆட்கள்தான் வரவில்லை.

முதலில் கிடைத்தது ஒரு கோயில் மண்டபம். வாடகை இல்லை, தரை சுத்தம், நல்ல காற்று. கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்துக்களிலேயே பாதிப்பேர் தயங்குவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் வந்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968 இல். இத்தனை காலமான பிறகும் எந்த மண்டபத்துக்குள் யார் கூச்சமின்றி நுழைவார்கள் என்பதை எங்கள் ஊர் மறக்கவில்லை. சனசமூக நிலையங்களிலும் அந்தந்தக் குறிச்சிக்காரர்தான் வருவார்கள்.

பாடசாலை மண்டபத்துக்கு அதிபரைக் கேட்க வேண்டும், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் தேவைப்படலாம். ஆனால் எங்கள் பகுதியில் பாடசாலைக் கட்டடம் என்றால் பலருக்கு முகாம் என்ற நினைவும் கூடவே வரும். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமும், 1987 ஜூலை 5 இல் அதன்மீது நடந்த தாக்குதலும் இங்கே எல்லோரும் அறிந்தவை. இடம்பெயர்ந்து வகுப்பறைத் தரையில் படுத்துக் கிடந்தவர்களை மறுபடி அப்படியொரு தரையில் கண்ணை மூடச் சொல்லக்கூடாது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஓர் அம்மா சவாசனத்தில் படுக்கவே மறுத்துவிட்டார். பிணம்போலக் கிடந்தவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டாராம். அன்றிலிருந்து அதைச் சாந்தியாசனம் என்றே சொல்கிறேன். விரும்பாதவர்கள் கண்ணைத் திறந்தபடி சுவரில் சாய்ந்திருக்கலாம்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு ரியூசன் கொட்டகை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் அது சும்மா கிடக்கும். அரைச்சுவர் என்பதால் வெளியே போகும் வழி எங்கிருந்தும் தெரியும். எவருடைய கோயிலும் அல்ல, எந்தக் குறிச்சிக்கும் உரியதும் அல்ல. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்கு எட்டு மணி வசதி. ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், பிறகு தகரக் கூரை கொதிக்கும். வாங்குகளை நகர்த்திய இடத்திலேயே திரும்ப வைத்து, மின்கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுத்தால் உரிமையாளர் முகம் சுளிக்கமாட்டார்.

கால் இழந்தவர்களை உங்கள் இடத்துக்கு அழைக்காதீர்கள். கரவெட்டிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டு, அவர்களின் சங்கம் கூடும் நாளில் நீங்கள் போங்கள். கைபிடி இல்லாத உறுதியான கதிரைகள், பிடித்து நிற்க ஒரு சுவர், செயற்கைக் காலைக் கழற்ற மறைவான ஓரிடம் இருந்தால் போதும்.

ஜூன் 21 ஐ நம்பியிருக்க வேண்டாம். 2015 முதல் அது சர்வதேச யோகா தினம். அன்று மேடை கிடைக்கும், மறுநாள் பாய் விரிக்க இடம் கிடைக்காது.

போர்க்காலத்திலேயே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் மூச்சுப்பயிற்சியையும் யோகாசனத்தையும் உளச்சிகிச்சையோடு சேர்த்தார். அமெரிக்காவில் 64 பெண்களோடு பத்து வாரம் நடந்து 2014 இல் வெளியான ஆய்வும் நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவுக்கு யோகா உதவுவதைக் காட்டியது. அந்தப் பெண்கள் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தவர்கள். ஆகவே வகுப்பில் யாராவது நடுங்கினால், அழுகை நிற்காவிட்டால், மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு நானே கூட்டிப்போகிறேன்.