ஊர் ஏற்கும் நாள்: ஜப்பானியரின் ஆளாகும் சடங்குகள்

ஜப்பானில் பிறக்கும் குழந்தையை ஊரும் கோயிலும் படிப்படியாகவே தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஷிண்டோ கோயிலில் ஊர்த்தெய்வத்துக்கு முதல் வணக்கம். நூறாம் நாளையொட்டி, குழந்தையின் வாயருகே சோறும் மீனும் கொண்டுபோய் ஊட்டுவதுபோல் காட்டுவார்கள். வாழ்நாளெல்லாம் உணவுக்குக் குறை வரக்கூடாது என்பது வேண்டுதல். பிறகு நவம்பர் 15-ஐ ஒட்டி ஷிச்சி-கோ-சான் விழா. மூன்று வயதுக் குழந்தைகளும், ஐந்து வயதுச் சிறுவரும், ஏழு வயதுச் சிறுமியரும் அலங்காரமாக உடுத்திக் கோயிலுக்குப் போவார்கள். மழித்த தலையில் முடி வளர்க்கத் தொடங்குவது, ஹகாமா என்ற மடிப்புக் கீழாடையை முதன்முதலாக உடுத்துவது, குழந்தை உடையின் நாடாவை விட்டு ஓபி என்ற இடைக்கச்சைக்கு மாறுவது ஆகிய மூன்று பழஞ்சடங்குகள் இதில் கலந்திருக்கின்றன. ஏழு வயதுவரை குழந்தை தெய்வங்களுக்குரியது என்று மக்கள் நம்பினார்கள். குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில் அந்த வயதைத் தாண்டுவதே பெரும்பேறு.

குழந்தைப் பருவத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த சடங்கு கென்புக்கு. பிற்காலத்தில் ஷோமு பேரரசராகி நாராவில் மாபெரும் புத்தர் சிலையை அமைக்கச் செய்த ஓபிதோ இளவரசருக்கு 714-இல் இது நடந்தது. அரசவைக் குடும்பங்களில் சிறுவனின் முடியைக் கத்தரித்து, உச்சியில் முடிந்து, பெரியவருக்குரிய தொப்பியை வைப்பார்கள். பெண்களுக்கு மோகி என்ற சடங்கு. பின்புறம் புரளும் மோ என்ற ஆடையை மதிப்பிற்குரிய ஒருவர் இடையில் கட்டிவிடுவார். அரசவை வாழ்வைச் சொல்லும் பழைய புதினமான கெஞ்சி கதையின் முதல் இயலிலேயே நாயகனுக்குப் பன்னிரண்டு வயதில் கென்புக்கு நடக்கிறது.

இச்சடங்குகளில் எதையும் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்குடிகளிடம் இது இன்னும் அழுத்தம் பெற்றது. எபோஷி என்னும் தொப்பியைச் சூட்டும் மூத்தவர், எபோஷித் தந்தை ஆகிவிடுவார். பிள்ளைப் பெயர் அன்றோடு போகும். புதுப்பெயரில் பெரும்பாலும் அந்தத் தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்து சேரும். பின்னாளில் ஜப்பானை ஒரு குடைக்கீழ் ஆண்ட தொகுகாவா இயெயாசு, சிறுவயதில் இமகாவா குலத்தாரிடம் பிணையாக இருந்தவர். 1555-இல் கென்புக்கு நடந்தபோது தாகேசியோ என்ற பெயரை நீக்கி, அக்குலத் தலைவர் யோஷிமோதோ தம் பெயரிலிருந்த ‘மோதோ’வைத் தந்து மோதோநோபு ஆக்கினார். 1560-இல் ஓகேஹசாமாப் போரில் யோஷிமோதோ மாண்டார், உறவும் முறிந்தது. 1563-இல் அந்த எழுத்தைக் கைவிட்ட பிறகே இயெயாசு என்ற பெயர் வருகிறது. பெயரில் ஓரெழுத்து என்பது அங்கே அரசியல் உடன்படிக்கைக்குச் சமம்.

உழவர் ஊர்களில் அளவுகோல் வேறு. ஏறக்குறைய அறுபது கிலோ எடையுள்ள அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டால் அவன் முழு ஆள் என்று பல ஊர்களில் ஒப்புக்கொண்டார்கள்.

மெய்ஜி அரசு 1876-இல் முழு வயதை 20 என்று வரையறுத்தது. குடுமியும் பிள்ளைப் பெயரும் மறைந்தன. ஆனால் ஊர் கூடி ஏற்கும் தேவை மறையவில்லை. போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, இளைஞர்கள் நம்பிக்கை இழந்திருந்த 1946 நவம்பர் 22 அன்று சைதாமா மாநிலத்தின் வராபி என்ற சிற்றூர் இளைஞர் விழா ஒன்றை நடத்தியது. செய்ஜின் ஷிகி என்ற இன்றைய முழு வயது விழாவின் தோற்றுவாய் இதுவே என்பர். 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் முழு வயது நாளாக ஜனவரி 15-ஐத் தேசிய விடுமுறையாக்கியது. 2000 முதல் அது ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமை. அன்று பெண்கள் நீண்ட கைகள் தொங்கும் ஃபுரிசோடே கிமோனோவிலும், ஆண்கள் கோட்டிலோ ஹகாமாவிலோ வருவார்கள். நகரத் தலைவர் வாழ்த்துவார். இளைஞர் சார்பில் ஒருவர் உறுதிமொழி கூறுவார்.

2022 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி முழு வயது 18. விழாவும் அந்த வயதுக்கு இறங்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலான நகரங்களும் ஊர்களும் இறக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றி, இருபது வயதினர் கூடலாகத் தொடர்கின்றன. பதினெட்டு வயதினருக்கு ஜனவரி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் காலம். இருபதில், வெளியூர் சென்றவர்களும் திரும்பி வந்து பள்ளித் தோழரோடு ஒன்றாக நிற்க முடியும். உரிமைகளைச் சட்டம் எந்த வயதிலும் வழங்கலாம். ‘நீயும் எங்களில் ஒருவர்’ என்ற ஏற்பை ஊரார் கூடித்தான் வழங்க முடியும்.

தொப்பி சூட்டிய எபோஷித் தந்தை முதல் வாழ்த்துரைக்கும் நகரத் தலைவர் வரை, இம்மரபு முதலில் கடமை சுமத்துவது மூத்தோர்மீது. இளைஞர் பொறுப்பேற்கவில்லை என்று வருந்தும் பெரியவர்கள், அவர்களை அழைத்து, பெயர் சொல்லி, சபையில் இடம் தந்தோமா என்று முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.