ஏட்டுச் சுரைக்காயும் நன்மரமும்

கற்றவனைக் கேலிசெய்ய எழுந்த பெயர்கள், அவனிடம் சமூகம் எதை எதிர்பார்த்தது என்பதையே மிகுதியும் புலப்படுத்துகின்றன. தமிழில் இக்கேலியின் வரலாறு நெடியது.

திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம், கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்கமாட்டாதாரைக் கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகின்றது. ஔவையார் பெயரால் வழங்கும் மூதுரை இன்னும் கடுமையானது. சபை நடுவே நீட்டிய ஓலையை வாசிக்க இயலாதவனையும் பிறர் குறிப்பை அறியமாட்டாதவனையும் அது ஒருசேர நிறுத்தி, காட்டில் நிற்பவை அல்ல, இவர்களே நல்ல மரங்கள் என்கின்றது. எழுத்தறியாமையும் குறிப்பறியாமையும் ஒத்த குறைகளாக எண்ணப்பட்டமை நோக்குதற்குரியது. 'மரம்போல நிற்கிறான்' என்னும் இன்றைய ஏச்சிலும் அதன் எதிரொலி கேட்கின்றது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது வேறுவகை. இங்கே குற்றம் சபையில் அன்று, அடுக்களையில். திருகோணமலைக்கு வடக்கே, கடனீரேரி கடலோடு கலக்கும் இறக்கக்கண்டி போன்ற ஊரில் இப்பழமொழியின் கூர்மை எளிதில் விளங்கும். நீரோட்டத்தை ஏட்டில் கற்றவனை நம்பி எவர்தான் தோணியேறுவார்?

'அம்மாஞ்சி' என்னும் சொல்லோ தமிழகத்துப் பிராமணர் வழக்கில் மாமன் மகனைக் குறித்த முறைப்பெயர். 'அம்மான்சேய்' என்பதன் திரிபு என்பர். உலக நடப்பறியாத அப்பாவிக்கு அது வசையாயிற்று. யப்பானிய 'ஒட்டாக்கு'வும் இத்தகையதே. எதிரிலுள்ளவரை மரியாதையுடன் விளிக்கும் அச்சொல், 1983இல் ஓர் இதழ்க்கட்டுரை வழியாகச் சித்திரக்கதைப் பித்தரின் பட்டப்பெயராயிற்று. அமெரிக்காவின் 'நேர்ட்' 1950இல் ஒரு சிறுவர் நூலில் கற்பனை விலங்கின் பெயராக அச்சேறியது. மறு ஆண்டிலேயே ஆளைக் குறிக்கும் கொச்சைச்சொல்லாகப் பதிவுபெற்றது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வழுக்கைத்தலை வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனைச் சூழ்ந்த அறிவாளரை 'முட்டைத்தலையர்' என்றனர். இவை ஆளின் தோற்றத்தையும் விசித்திரத்தையும் நகைக்கின்றன. மூதுரையோ சபைக்குப் பயன்படாமையைக் கண்டிக்கின்றது. கண்டிப்பு கடுமையாயினும் அதில் ஓர் அழைப்பும் உண்டு.

ஆயின் சபை எல்லார்க்கும் ஒரே தன்மையதா? இலங்கையில் 1960களில் சுயமொழிக் கல்வி கிராமப்புற மாணவரைப் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொணர்ந்தது. அங்கே சிங்கள மாணவர் ஆங்கிலத்திற்கு இட்ட பெயர் 'கடுவ', அதாவது வாள். வாளேந்தியோர் பேச, ஏனையோர் வாளாவிருந்தனர். அந்த மௌனத்தைப் பார்த்து மரமென்று சொல்வது எளிது. அவர் கையிலிருந்த ஓலை எம்மொழியில் எழுதப்பட்டிருந்தது என்று கேட்டோர் சிலரே.