மலைக்கு முந்தைய தூரம்

திருவண்ணாமலையில் நடப்பதற்குக் காசில்லை. நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேரத்தான் காசு. இது பழைய கதை. 1896இல் மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயது வேங்கடராமனின் கைக்காசு, விழுப்புரம் தாண்டி மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயிலுக்குக் காணும். அங்கிருந்து திருக்கோவிலூர்ப் பக்கம் நடந்தார். கீழூரில் கடுக்கனை அடகு வைத்த பிறகே ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று இங்கே இறங்கினார். பின்னாளில் ரமணர் ஆனவர் அவர்தான்.

இன்று தீபத்தன்று வெளியூர் பஸ் ஊருக்குள் வராது. தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எல்லாம் ஊரின் விளிம்பில். அங்கிருந்து இலவசப் பேருந்து விடுகிறார்கள். ஆனாலும் ஷேர் ஆட்டோ நிரம்புகிறது. பேருந்து கூட்டத்தில் நின்றுவிடும், ஆட்டோ சந்துக்குள் புகுந்துவிடும். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றப்போகிற பாட்டிக்கு அதற்கு முந்தைய 2 கிலோமீட்டர்தான் பயம். “ஏறுங்கம்மா, கிளம்பியாச்சு” என்ற குரலுக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

ஆட்டோக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் வருஷத்தில் சில நாள்தான் இந்தக் கூட்டம். ஆனால் இலவசப் பேருந்தைச் சலுகை என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. பஸ்ஸை எல்லையிலேயே நிறுத்தியது நிர்வாகம். அப்படியென்றால் மிச்ச தூரம் அதன் பொறுப்பு. இனி யாரும் கடுக்கனைக் கழற்றி வர வேண்டாம்.