வண்டிப்பாதையிலிருந்து விடியற்காலைக்கு: தாம்பரம் வட்டாரச் சைக்கிள் தடங்களின் இடப்பெயர்ச்சி

தாம்பரம் பக்கம் வார இறுதியில் சைக்கிள் மிதிப்பவர்களிடம், நெரிசலில் சிக்காமல் மாம்பாக்கம் வரை போய்வர நல்ல வழி எது என்று கேட்டுப் பாருங்கள். வழியைச் சொல்லுமுன் நேரத்தைச் சொல்வார்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும், ஏழரைக்குள் தாம்பரம் கேம்ப் ரோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் என்றால் அகரம்தென் வழியாகப் போனாலும் சரி, மேடவாக்கம் தொட்டுப் பொன்மார் வழியாகப் போனாலும் சரி. நேரம் தப்பினால் எந்த வழியும் வழியல்ல.

இந்தப் பதிலுக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. சென்னையின் தென்புறத்தில் வண்டி அரவமற்ற தடம் என்பது முன்பு ஓர் இடமாக இருந்தது. இன்று ஒரு நேரமாக இருக்கிறது. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தின் தென்பகுதியைப் பார்க்கலாம். அங்குள்ள 'டவுன்ஸ்' என்னும் மேடுகள் வெண்மையான சீமைச் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கிவிடுவதால் முகடு உலர்ந்தே இருக்கும், சேறெல்லாம் அடிவாரத்தில்தான். ஆகவே பழங்காலத்திலிருந்தே ஆட்டு மந்தையும் ஆளும் முகட்டு வழியாகவே நடந்தார்கள். பள்ளத்தாக்கில் பிற்காலத்தில் தார்ச்சாலை வந்தபோதும் மேலே இருந்த தடம் தடமாகவே கிடந்தது. 1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. 1972 இல் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதை திறக்கப்பட்டது. பாறை ஒதுக்கிக் கொடுத்த இடத்தைச் சட்டம் உறுதி செய்தது என்று சொல்லலாம். (அதே கிரெட்டேஷியக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை நம் அரியலூரிலும் உண்டு. அங்கே அது சிமெண்ட் ஆலைகளையும் லாரிகளையும் கொண்டுவந்தது. சைக்கிள்காரருக்கு அதில் பங்கில்லை.)

தாம்பரம் வட்டாரத்துப் பாறை வேறு. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று தெற்கே தொடரும் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறையால் ஆனவை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் டி.எச். ஹாலந்து 1893 இல் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்கு, பல்லாவரத்தில் வாழ்ந்திராத ஒருவரின் கல்லறை வழியாகப் பெயர் கிடைத்தது நமக்கே உரிய விசித்திரம். பரங்கிமலைச் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

இந்தக் குன்றுகள் சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து திடீரென்று முடிபவை. ஒன்றோடொன்று தோள் சேர்ந்த முகடு கிடையாது. கெட்டிப் பாறை நீரை உள்ளே விடாது. மழை வழிந்தோடி அடிவாரத்தில் தேங்கும். அந்தத் தேக்கத்துக்குக் கரை கட்டியதுதான் செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகள். திருநீர்மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. புராணம் எப்படியானாலும் நில அமைப்பைச் சரியாகவே சொல்கிறது. மலைமேல் வழி இல்லை, மலையடியில் தண்ணீர். நடக்கவும் மாடு ஓட்டவும் மிச்சம் இருந்தது ஏரிக்கரையும் குன்றைச் சுற்றிவந்த வண்டிப்பாதையும் மட்டுமே. இங்கே சைக்கிள்காரர் 'மலைப்பாதை' என்று பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் அந்தக் குன்றடி ஏற்ற இறக்கத்தைத்தான்.

வண்டிப்பாதை என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் புறம்போக்கு நிலங்கள் ஏரி, களம், மயானம், வண்டிப்பாதை என்று வகை பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் கால நிலவரித் திட்டத்தின் சொத்து இது. இங்கிலாந்தின் குதிரைப் பாதையும் நம் வண்டிப்பாதையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். பதிவில் அவை வேறு. அங்கே பதிவானது போகிறவரின் உரிமை, அதுவும் எந்த வகைப் பயணியின் உரிமை என்பது வரை. இங்கே பதிவானது நிலத்தின் வகை. நிலம் அரசுடையது, அதில் மாட்டுவண்டி போகிறதா லாரி போகிறதா என்பது பதிவேட்டின் கவலையல்ல. எனவே ஊர் வளர்ந்தபோது வண்டிப்பாதை எந்தச் சட்டச் சிக்கலுமின்றி ஊராட்சிச் சாலையானது, பின் இணைப்புச் சாலையானது, பின் பேருந்துத் தடமானது. என் பார்வையில் இந்த வட்டாரச் சைக்கிள் வரலாற்றின் திருப்புமுனை எந்த மேம்பாலமும் அல்ல, பதிவேட்டின் இந்த மௌனம்தான்.

சைக்கிள் இந்தப் பாதைகளுக்கு வந்தது உலாவுக்காக அல்ல. 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1912 இல் வந்த குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்குப் பெயரே வந்திருந்தது. 1937 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும், ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மூன்று நான்கு மைல் தூரம்தான் சைக்கிளின் ஆட்சிப் பரப்பு. அம்பத்தூரில் 1949 இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், சீமை வண்டியை உள்ளூர் வண்டியாக்கியது. வரி கட்டி வாங்கிய வில்லை, இருட்டினால் எரிய வேண்டிய டைனமோ விளக்கு, டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பயம், மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள், குரங்கு பெடலில் தொடங்கிய பிள்ளைகள்: இந்த உலகில் அமைதியான தடத்தை யாரும் தேடவில்லை. தேட வேண்டியிருக்கவில்லை. கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) ரோட்டை விட்டு இறங்கினால் போதும்.

கல்குவாரிகள் இதற்கு முதல் இடையூறு. நகரம் கட்டக் கல் வேண்டும். கல் இந்தக் குன்றுகளில் இருந்தது. திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம், ஒட்டியம்பாக்கம் என்று வெடி வைத்து உடைத்த இடங்களுக்கெல்லாம் லாரித் தடம் போனது. ஆனால் குவாரி ஒரு விசித்திரமான நிறுவனம்: மூடிவிட்டால் தன் சாலையை முட்டுச்சந்தாக விட்டுப் போய்விடும். பள்ளங்களில் நீர் நிறைந்தது. அந்த நீர் ஆழம் தெரியாமல் இறங்கியவர்களைப் பலி வாங்கியதும் உண்டு. 2017 வறட்சியின்போது மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுத்தார்கள். எங்கும் போகாத சாலையில் எந்த வண்டியும் போகாது. சைக்கிள்காரருக்குக் கிடைத்த எதிர்பாராத மிச்சம் அது.

இன்னொரு மிச்சம் வேலி போட்ட நிலம். நன்மங்கலம் காப்புக்காடு, தாம்பரம் விமானப்படைத் தளம், கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் என இவை குறுக்கே சாலை போக விடாதவை. அவற்றை ஒட்டிய தெருக்களில் நெரிசல் குறைவாக இருப்பதற்கு அவற்றின் சுவர்களே காரணம்.

2000க்குப் பிறகு மாற்றத்தின் வேகம் கூடியது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ்காந்தி சாலையாகி 2008 இல் ஆறு வழியாகத் திறக்கப்பட்டது. அதற்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் ஒரே இரவில் 'இடைப்பட்ட பகுதி' ஆனது, அதாவது இணைக்கப்பட வேண்டிய பகுதி. பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறு அடிச் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்து, பள்ளிக்கரணைச் சதுப்பையும் அறுத்துக்கொண்டு போனது. ஏரிக்கரை மேல் பாதை என்ற பழைய ஏற்பாடு ஏரிக்கு நடுவே சாலை என்று புரண்டது இங்கேதான். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கல்லூரிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்தன. நீர் சூழ்ந்த திருநீர்மலைக்குப் பக்கத்திலேயே புறவழிச்சாலை ஓடுகிறது.

விநோதம் என்னவென்றால், பொழுதுபோக்குச் சைக்கிள் இந்த வட்டாரத்தில் வேர் விட்டதும் இதே காலத்தில்தான். ஆலைக்குப் போனவர் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டார். அவர் இறங்கிய இருக்கையில் மென்பொருள் ஊழியர் ஹெல்மெட்டோடு ஏறினார். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்கும் 'பிரெவே' போன்ற பிரெஞ்சு மரபு நெடும்பயணங்கள் சென்னைக்கு வந்தன. 2014 இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. கொள்கை நடைபாதைகளில் பலன் தந்தது. புறநகரின் வண்டிப்பாதைகள் அதன் எல்லைக்கு வெளியே, வேறு உள்ளாட்சிகளின் கையில் இருந்தன. தாம்பரம் தனி மாநகராட்சியானது 2021 இல்தான். அதற்கு முந்தைய ஆண்டின் ஊரடங்கில் சைக்கிள் விற்பனை எகிறியதற்கும், முடிச்சூர்–மணிமங்கலம் சாலை போன்றவை சில மாதம் பழைய நிலைக்குத் திரும்பியதற்கும் எந்தக் கொள்கையும் பொறுப்பல்ல.

மணிமங்கலம் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் புலிகேசியின் படையை முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களில் ஒன்று மணிமங்கலம் என்று பல்லவர் செப்பேடு சொல்கிறது. அடையாற்றின் தலைப்பு ஏரிகள் இப்பக்கம்தான். சோமங்கலம், சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் என்று வரிசையாகக் கோயில் ஊர்கள். தென்புறத்தில் ஒரு சுற்றுலாத் தடத்துக்கு வேண்டிய எல்லாம் இந்த ஒரு வளையத்தில் இருக்கிறது, வண்டிகளைத் தவிர்க்கும் வழி ஒன்றைத் தவிர.

உலாச் சைக்கிளைப் பற்றி எழுதுபவர்கள் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. 2001–02 இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தின் வண்டிகள் பொன்மாரிலும் அகரம்தென்னிலும் பள்ளி நேரத்தில்தான் ஓடுகின்றன. அந்தப் பிள்ளைகளால் அஞ்சு மணிக்குக் கிளம்பிப் போக முடியாது. நேரத்துக்குள் பதுங்குவது வேலையும் வசதியும் உள்ளவர் கண்டுபிடித்த தீர்வு. எட்டரை மணிக்குத் தண்ணீர் லாரிக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் நடுவே மிதிக்கிறவருக்கு அது தீர்வாகாது. நேரத்துக்குப் பதில் இடத்தைத் தேடுகிறவர்களில் சிலர் இப்போது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாமல்லபுரம் வரை வரவிருக்கும் சுமார் 133 கிலோமீட்டர் சென்னை எல்லைச் சாலை, திருப்போரூர்ப் பக்கத்து மிச்சப் பாதைகளையும் இடைப்பட்ட பகுதியாக்கும்.

வெளி மோட்டார் வண்டி நுழைய முடியாத, ஏற்ற இறக்கமுள்ள, மரநிழல் விழும் நீண்ட தடம் ஒன்று இன்றும் இந்த வட்டாரத்தில் விதிப்படி பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1985 இல் திறக்கப்பட்ட வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர். உள்ளே வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் பார்வையாளருக்குக் கதவு திறப்பது காலை ஒன்பது மணிக்கு, வெளியே மிதித்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பிக் குளித்து முடித்த பிறகு.